மசி போடாத கையெழுத்து

மசி வென்றவற்றை அக்கா கட்டைவிரலில் தொடங்கித்தான் எண்ணுவாள். தொழிற்சாலை வேனில் பக்கத்து இருக்கைக்காரி கேட்டாலும் சரி, பல் மருத்துவரின் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் "உங்க தங்கச்சி என்ன படிக்கிறா?" என்று பேச்சுக்கு இழுத்தாலும் சரி, இடது கையை மூடி முன்னால் நீட்டுவாள். பிறகு ஒவ்வொரு விரலாக நிமிரும்.

கட்டைவிரல், பல்கலைக்கழக ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் ஏழாவது இடம். தேர்வுக்குப் போகும் வழியில் பேருந்து நெரிசலில் பையிலிருந்த கரிக்கட்டிகள் அத்தனையும் பொடிந்துவிட்டன. மற்றவர்கள் கரியைக் கூராகச் சீவிக்கொண்டிருக்க, மசி பொடியைத் தாளில் கொட்டி விரலாலேயே வரைந்துவிட்டு வந்தாள். ஆள்காட்டி விரல், முதலாண்டுக் கண்காட்சியில் பார்வையாளர் பரிசு. புதிய மாணவி என்று அவள் படத்தைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தார்கள். நடுவிரல், பல பல்கலைக்கழகங்கள் கலந்துகொண்ட கறுப்பு வெள்ளைக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு. அனுப்ப வேண்டிய வாரத்தில் துறையின் அச்சுப் பொறி உருளை விரிசல் விட்டது. மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். மசி மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளை மேலே விரித்து, அம்மாவின் குழிக்கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்தே அச்செடுத்தாள். அந்தக் கரண்டி இன்னும் சமையலறைக்குத் திரும்பவில்லை. மோதிர விரல், மூன்றாமாண்டில் அச்சோவியத் துறையின் சிறந்த மாணவி. அதே ஆண்டு கலை வரலாற்றுத் தாளில் கோட்டைவிட்டதையும் அக்கா சேர்த்தே சொல்வாள். குறையை விட்டுவிட்டு நிறையை மட்டும் சொல்வது அவள் தொழிலில் கிடையாது.

பார்வையாளர் பரிசைப் பற்றி மசியின் கருத்து வேறு. "கழிப்பறை வரிசையில நிக்கிறவங்க வேற எதைப் பாப்பாங்க? வேற வழியில்லாம எனக்கு ஓட்டுப் போட்டாங்க" என்பாள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அவ்வளவு அவசரத்திலும் நின்று பார்த்திருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட படம் என்பது அவள் வாதம்.

அண்மைக்காலம் வரை சுண்டுவிரல் மட்டும் மடங்கியே இருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அவ கையெழுத்துப் போடட்டும், அப்புறம் நிமித்தறேன்" என்று சொல்லிக் கையை இறக்கிவிடுவாள். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

மசி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் விரல்களில் ஏறிய அச்சு மை இன்றுவரை முழுதாக இறங்கவில்லை. எண்ணெய், சோப்பு, சலவைத் தூள் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகங்களின் ஓரத்தில் பத்துக் கறுப்புப் பிறைகள் நிற்கும். அதனால் வீட்டில் அவள் நடமாடும் விதமே வேறு. விளக்கை முழங்கையால் போடுவாள். கதவை முதுகால் தள்ளுவாள். ஃபிரிட்ஜைக் கால் விரலால் இழுத்துத் திறப்பாள். கைபேசி அடித்தால் குனிந்து மூக்கு நுனியால் எடுத்து, தரையில் இருக்கும் அதனோடு தவழும் குழந்தை போலப் பேசிக்கொண்டிருப்பாள். இத்தனை பதனமாக இருந்தும் எங்காவது ஒரு ரேகை பதிந்துவிடும். பதிந்த இடத்தில் மறுநாள் காலை ஒரு சிவப்பு அம்பு முளைத்திருக்கும். அது அக்காவின் வேலை.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அங்கே சேர்ந்தவள். தைத்து முடிந்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்கு வரும். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். காலரைப் புரட்டுவாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள். பக்கத் தையலை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பார்ப்பாள். குற்றம் இருந்தால் அந்த இடத்தைச் சுட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். இல்லையென்றால் ஒரு பச்சை வட்டம், நடுவில் அவளுடைய எண், பதினேழு. பச்சை ஒட்டியபின் அந்தச் சட்டையைப் பெட்டியில் போடுகிறவர் பிரித்துப் பார்க்கமாட்டார். நாளைக்கு ஒரு பொத்தான் கழன்றால் விடிவது பதினேழின் தலையில்தான். ஆகவே அக்காவிடமிருந்து ஒரு பச்சை வாங்குவது லேசான காரியமல்ல.

அவசரத்துக்கு எடுக்க வசதியாக இரண்டு வகை ஸ்டிக்கரையும் முன்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பாள். மீந்தவை அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். இப்படி வந்த அம்புகள் ஸ்விட்சுக்கு மேலே, ஃபிரிட்ஜ் கைப்பிடியில், குழாயடியில், அம்மாவின் கண்ணாடிக் கூட்டில் என்று வீடெங்கும் மசியின் ரேகைகளைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றன. மின்கணக்கு எடுக்க வந்தவர் ஒருமுறை அம்புகளைப் பின்பற்றிப் போய்க் குளியலறைக்குள் நின்றுகொண்டு, "மீட்டர் எங்கம்மா?" என்று கேட்டார். அன்று அம்மா இருவரையும் உட்கார வைத்துத் திட்டினாள். மசி பதிலுக்கு ஒரு அம்புக்குக் கண்ணும் துடுப்பும் வரைந்து மீனாக்கினாள். அந்த மீன் இன்னும் ஃபிரிட்ஜின் மேல் நீந்துகிறது.

"என் ஆயுசுல எனக்கு ஒரு பச்சையாவது ஒட்டியிருக்கியாக்கா?" என்று கேட்டாள் அப்போது.

"நீ எதையாவது முடிச்சிருக்கியாடி, பச்சை ஒட்ட?"

"முடிச்சிட்டா அப்புறம் என்ன பண்றதாம்?"

மசியை அறிந்துகொள்ள அந்தக் கேள்வி போதும். அவள் செய்வது எட்சிங் எனப்படும் தகட்டோவியம். துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைந்து, அமிலத்தில் முக்குவார்கள். ஊசி கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேலே துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம். அமிலம் அரிப்பதைத் துறையில் 'கடி' என்பார்கள். லேசான கோட்டுக்குச் சின்னக் கடி, கறுத்த கோட்டுக்குப் பெரிய கடி. மசி எப்போது எந்தத் தகட்டைப் பற்றிப் பேசினாலும், "இன்னும் ஒரு கடி பாக்கி" என்றுதான் முடிப்பாள். முதன்முதலில் இதைக் கேட்ட அம்மா ஏதோ தெருநாய் சமாச்சாரம் என்று பதறி அவள் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள்.

பையில் சோப்பளவு கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறாள். முகம் பார்க்க அல்ல. தலை கலைந்து முள்புதராக நின்றாலும் அவளுக்குத் தெரியாது. தகட்டில் வரைவது தாளில் இடவலம் மாறி விழும் என்பதால், வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிக் காட்டித்தான் பார்ப்பாள். அந்தப் பழக்கம் முற்றிப்போய் இப்போது எதையும் முதலில் கண்ணாடியில் பார்த்தால்தான் அவளுக்குப் பார்த்தது போல இருக்கிறது. புதிதாக வாங்கிய நாற்காலியை, தூங்கும் பூனையை, ஒருமுறை அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்த குடும்பத்தை அப்படித் திரும்பி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தாள். "மாப்பிள்ளைக்குத் தோள் சரியில்ல, இடதுபக்கம் சாயுது" என்று அவர்கள் போன பிறகு தீர்ப்புச் சொன்னாள். அக்காவும் அதைக் கவனித்திருந்தாள். அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

தகட்டோவியத்தில் ஒரு வழக்கம் உண்டு. அச்சு திருப்தியாக வந்துவிட்டால் ஓவியர் படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எண்ணும் பெயரும் எழுதுவார். அதோடு அந்தத் தாள் முடிந்த படைப்பு. கையெழுத்து இல்லாத வரை அது வெறும் சோதனை அச்சு. நான்கு விரல்களில் அக்கா எண்ணும் வெற்றிகளில் அச்சுகள் எல்லாமே சோதனை அச்சுகள்தாம். எந்தக் கண்காட்சியிலும் மசியின் படத்துக்குக் கீழே அந்த இரண்டு வார்த்தைதான் தொங்கும். பேராசிரியர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மாணவர் கண்காட்சியில் அப்படி மாட்டலாம், வெளியே ஒருவரும் சீந்தமாட்டார்கள் என்றார். அக்காவும் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"போட்டுட்டா அப்புறம் நான் அதைத் தொடக் கூடாதேக்கா" என்றாள் மசி.

"தொடாதே."

"அதெப்படி?"

நாளுக்கு நூற்றுக்கணக்கான சட்டைகளை முடிந்தது என்று சொல்லி அனுப்பும் ஒருத்தியும், நான்கு வருடத்தில் ஒரு தாளைக்கூட அப்படிச் சொல்லாத ஒருத்தியும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறார்கள்.

இறுதியாண்டுக் கண்காட்சிக்கு மசி எடுத்துக்கொண்டது தொழிற்சாலை வேன். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் அந்த வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஒரு வாரம் முழங்காலில் பலகை வைத்து வரைந்தாள். தலையணை உறை அளவுத் தகட்டில் அதை ஏற்றினாள். ஒருத்தி தோளில் ஒருத்தியாகச் சரிந்து, வாய் பிளந்து, கழுத்து ஒடிந்து, பதின்மூன்று பெண்கள் தூங்குகிறார்கள். ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். தன் பையோடு பக்கத்துக்காரியின் பையையும் சேர்த்து மடியில் பிடித்திருக்கிறாள். தொழிற்சாலை வாசல் வந்ததும் எல்லோரையும் எழுப்பிவிடுகிறவள் அவள்தான். அக்கா.

மசிக்கு அந்த ஒரு முகம் மட்டும் பிடிபடவில்லை. "கண்ணு தொறந்திருக்கு, அவ்வளவுதான். முழிச்சிருக்கல" என்று கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டாள்.

கண்காட்சிக்கு முந்திய நாள், மாட்டுவதற்குக் கைகொடுக்க அக்கா அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். அச்சுக்கூடத்தில் வேன் படத்தின் ஐந்தாறு பிரதிகள் பலகைக்கடியில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு முறை கை கழுவிக்கொண்டு வந்து, ஒன்றை ஓரங்களில் பிடித்துத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். மேல் வரிசைத் தலைகளைப் பார்த்தாள். சரிந்த தோள்கள், விரல்கள், பைகளின் வார், செருப்பு கழன்ற ஒரு பாதம் என்று இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் பார்த்துக்கொண்டே வந்தாள். குற்றம் ஒன்றும் இல்லை. அந்த நொடியில் அவள் வலக்கை, தினமும் அந்த நொடியில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. முன்கையிலிருந்து ஒரு பச்சை வட்டத்தை உரித்துத் தாளின் வலது கீழ் ஓரத்தில் ஒட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்தும் அழுத்தியது.

"அக்கா" என்றாள் எதிரே நின்ற மசி.

அக்கா அப்போதுதான் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் மசி சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, மைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் கறுப்பாகச் சிரித்தாள். "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு பச்சை. அதையும் சரியா ஆர்ட்டிஸ்ட் கையெழுத்துப் போடற எடத்துல கொண்டுபோய் ஒட்டியிருக்கா பாரு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினாள். ஒரு தோழி ஸ்டிக்கரின் நுனியை நகத்தால் கிளப்பினாள். பஞ்சுத் தாளின் தோல் அதோடு எழும்பி வந்தது. விட்டுவிட்டார்கள். தாள் வீணாகிவிட்டது என்று தனியே எடுத்து வைத்தார்கள். மசி அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டிவிட்டாள்.

கண்காட்சி ஒரு வாரம் நடந்தது. சிற்பத்துறை மாணவன் ஒருவன் சுவர் முழுக்கக் களிமண் காதுகளைப் பதித்திருந்தான். ஊரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோர் காதும் அதில் இருந்தது. மக்கள் தங்கள் காதைத் தேடிக்கொண்டு நின்றார்கள். ஒரு மாணவி கிழிந்த குடைத்துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு கூடாரம் செய்திருந்தாள். அக்கா எல்லாவற்றையும் மசியின் படத்துக்குக் கொடுக்கும் அதே நேரம் கொடுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வேன் பெண்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். படத்தின் முன்னால் பெரிய வழக்கு நடந்தது. "என் வாய் இப்படியா தொறந்திருக்கும்?" என்றாள் ஒருத்தி. "இதுக்கு மேலயே தொறந்திருக்கும், ஈ உள்ள போயி சுத்திப் பாத்துட்டு வந்ததை நான் கண்ணால பாத்தேன்" என்றாள் அவளைத் தாங்கிக்கொண்டு தூங்குகிறவள். போகும்போது எல்லோரும் மசியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். விழித்திருக்கும் முகத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் தினமும் பார்க்கும் முகம், வாசலில் கண் திறந்ததும் எதிரே இருக்கும் முகம்.

நகரக் கலைக்கூடத்தின் பொறுப்பாளர் வந்தது கடைசி நாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள் அவர். அந்தக் கலைக்கூடம் ஆண்டுக்கு ஒரு மாணவர் படைப்பைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளும். அவர் வேன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மசியைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்ட ஒரு பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குள் வராவிட்டால் களிமண் காதுகளை எடுத்துக்கொள்வதாகவும் தெளிவாகச் சொன்னார்.

"இன்னும் ஒரு கடி பாக்கி மேடம்" என்றாள் மசி.

"வேணாம்மா. இதேதான் எனக்கு வேணும். இப்படியே."

மசி தலையாட்டினாள். பின்னால் நின்ற அக்காவுக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்று அம்மா சொல்லும்போதும் மசி இப்படித்தான் தலையாட்டுவாள்.

பயந்தபடியே நடந்தது. ஒரு தகட்டைத் திருத்துமுன் மசி பழைய பிரதிகளின் மேலேயே வெள்ளை மையாலும் கரியாலும் வரைந்து, மாற்றம் எப்படி வரும் என்று பார்ப்பாள். கண்காட்சியில் தொங்கிய பிரதி உட்பட அச்சுக்கூடத்தில் இருந்த எல்லாத் தாள்களிலும் விழித்திருக்கும் கண்களுக்குப் புதிய இமை, புதிய நிழல் போட்டுப் பார்த்தாள். பிறகு தகட்டில் அந்த முகத்தைச் சுரண்டிவிட்டு மெழுகு பூசி, மறுபடி கீறி, அமிலத்தில் இறக்கினாள். தகட்டில் ஒருமுறை மாற்றியது மாற்றியதுதான். பழைய முகம் அதில் திரும்ப வராது. அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டுக்கு நடுவில் அக்கா அவள் விரல்களைப் பார்த்துக்கொள்வாள். கறுப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு வந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் மசி மாலையிலேயே வீட்டுக்கு வந்தாள். கதவைக் கையால் தள்ளினாள். விளக்கை உள்ளங்கையால் போட்டாள். ஸ்விட்சைச் சுற்றி ஐந்து விரலும் முழுசாகப் பதிந்தன. அக்கா கறுப்பைப் பார்க்கவில்லை. முழங்கையைத்தான் பார்த்தாள். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"தகடு போச்சுக்கா."

"எவ்வளவு போச்சு?"

"உன் மொகம் பூரா. மெழுகு சரியா ஒட்டல, அமிலம் உள்ள பூந்துடுச்சு. பதிமூணு பேர் தூங்கறாங்க. ஒருத்தி இருந்த எடத்துல கறுப்பா ஓட்டை."

அன்றைக்குத் தொங்கவிட்டிருந்தது இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள் அம்மா. அதன் மேலேயும் வெள்ளை அடித்தாகிவிட்டது, எல்லாவற்றிலும் அடித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மசி துணி மாற்ற உள்ளே போனாள். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அன்று ஸ்விட்சின் மேல் அம்பு ஒட்டவில்லை. காதுக்காரப் பையன் நல்ல பையன்தான், அவன் காதுகளும் நல்ல காதுகள்தாம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சமாதானமாகவில்லை.

உள்ளே போனவள் வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தமும் இல்லை. அக்கா எட்டிப் பார்த்தாள். அலமாரிக் கதவு திறந்து, உள்பக்கம் மாட்டியிருந்த பச்சை வட்டத் தாள் தெரிந்தது. மசி கட்டில் விளிம்பில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கண்ணாடிக்குள் அந்த வேன் வலமிடமாகத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கண்ணாடி இல்லாமல், மூக்கு இடிக்கும் நெருக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அக்கா. இவ முழிச்சிருக்காக்கா."

"ஆமா."

"எப்பத்துலேர்ந்து?"

"வேன் ஏறினதுலேர்ந்து."

மசி திரும்பி அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் எதற்கு அழுவார்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்றே தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஸ்டிக்கர்தான் மீதி இருந்தது. அக்கா விரலை ஈரமாக்கி அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அந்தப் பசை துணியிலிருந்தே லேசில் வராது. தொழிற்சாலையில் கறை எடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, கேட்டால் கொஞ்சம் தருவார்கள், பஞ்சில் தொட்டு மெதுவாக எடுத்துப் பார்க்கலாம் என்றாள். மசி பச்சை வட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். இதோடு கொண்டுபோனால் சிரிப்பார்களே என்று ஒரு பேச்சு சொன்னாள். கடைசியில், "வேணாம்க்கா, மருந்தெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். அன்றைக்கு அவள் கழுவியது போல அதற்கு முன்னால் கழுவியதில்லை. பிறைகள்கூடப் பாதி தேய்ந்துவிட்டன.

மறுநாள் அக்கா தொழிற்சாலையில் அனுமதி கேட்டுக்கொண்டு கலைக்கூடத்துக்குக் கூடப் போனாள். பளபளக்கும் தரையில் செருப்புச் சத்தம் கேட்குமோ என்று அறைக்குள் வராமல் கண்ணாடிக் கதவோரம் நின்றுகொண்டாள். மசி இரண்டு கையாலும் தாளைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவள் பையும் அக்காவிடம்தான் இருந்தது. பொறுப்பாளர் அம்மாள் மேசை மேல் தாளை விரித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தூங்குகிறவர்களைக் கடந்து, ஜன்னலோரம் போய், கீழே இறங்கி, வலது ஓரத்தில் வந்து நின்றார்.

"இது என்னம்மா?"

"எங்கக்கா நம்பர் மேடம். செக் பண்ணி பாஸ் பண்ணது."

"இதுவும் படத்துல சேர்த்தியா?"

கதவோரம் நின்ற அக்காவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளக்காதா என்று இருந்தது. "தெரியாம ஒட்டிட்டேன்" என்று சொல்ல ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சேர்த்திதான்" என்றாள் மசி.

அம்மாள் நிமிர்ந்தார். கதவோரம் இரண்டு பைகளையும் சேர்த்து வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். மறுபடி குனிந்து ஜன்னலோரத்து முகத்தைப் பார்த்தார். இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தார். மேசையிலிருந்த பென்சிலை மசியின் பக்கம் உருட்டிவிட்டார்.

மசி பென்சிலை எடுத்தாள். தாளின் இடது ஓரத்தில், ஒரே பிரதி என்பதற்கு 1/1 என்று எண்ணை எழுதினாள். வலது ஓரத்துக்கு வந்து, பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தாள். அங்கே நின்றது கை.

"இன்னும்..." என்றாள்.

பொறுப்பாளர் அம்மாள் காத்திருந்தார். மசி வட்டத்துக்குள் இருந்த பதினேழைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு முதலெழுத்தும் விடாமல், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் கூப்பிடுவார்களே, அந்த முழுப்பெயரையும், எறும்பு ஊர்வது போலச் சிறிய எழுத்தில், நிறுத்தாமல் எழுதினாள்.

கதவோரம் அக்கா இரண்டு பைகளையும் வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். கீழே தொங்கிய இடது கையில் சுண்டுவிரல் மெல்ல நிமிர்ந்தது. மசி பென்சிலை இன்னும் வைக்கவில்லை. பெயருக்குக் கீழே தேதியையும் எழுதினாள்: மே மாதம் முப்பது.